புள்ளிக்குப் பின்னால் இருப்பது யார் பணம்?



ஆண்டு மலர் என்றாலே கவிதை, கலாட்டா, டூர் போன கதை என்று பக்கங்கள் நிரம்பிவிடும். "நடுவுல நீ கணக்கைப் பத்தி எழுதினா எவன்டா படிப்பான்?" என்று விடுதித் தோழன் கேட்டான். "அரியர் வச்சிருக்கிறவன் அத்தனை பேரும் படிப்பான்" என்றேன். அந்த நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பயப்பட வேண்டாம். தொகையீடு, அணிக்கோவை என்று எதையும் இழுக்கப் போவதில்லை. பள்ளிக்கூடத்திலேயே முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, தசம எண்ணை முழுமையாக்குவது. நம் பாஷையில் ரவுண்ட் பண்றது. இன்னொன்று, பெட்டியின் கன அளவு. நீளம் × அகலம் × உயரம். அவ்வளவுதானே! ஆனால் இந்த இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கும்போது யாரோ ஒருவருடைய பணம் சத்தமில்லாமல் கை மாறுகிறது. அது யாருடைய பணம்? படித்து டேப் பிடிக்கப்போகிற நாம் இதைக் கேட்டாக வேண்டும் என்பதே என் கருத்து.

முப்பது குடம் எங்கே?

ஒரு வீட்டின் தரைத்தொட்டி. உள்ளளவு 2.44 மீட்டர் நீளம், 1.84 மீட்டர் அகலம், 1.64 மீட்டர் ஆழம். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்?

நம்மில் பலர் என்ன செய்வோம்? "நாலு சென்டிமீட்டர்தானே, அடிச்சுடு" என்று 2.4, 1.8, 1.6 என்று வைத்துக்கொண்டு பெருக்குவோம். விடை 6.912 கனமீட்டர். அதாவது 6,912 லிட்டர்.

எண்களைத் தொடாமல் அப்படியே பெருக்கிப் பாருங்கள். 7.362944 கனமீட்டர் வரும். ஏறக்குறைய 7,363 லிட்டர். வித்தியாசம் 451 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் முப்பது குடம்! குழாயடியில் காத்துக்கிடக்கும் தெருவில் போய் "முப்பது குடம் தண்ணீர் ஒரு விஷயமே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

நாலு சென்டிமீட்டர் எப்படி முப்பது குடம் ஆனது? ஒரே பக்கத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தால் விடையிலும் இரண்டு பங்குதான் குறையும். ஆனால் பெட்டிக்கு மூன்று பக்கம். மூன்றிலும் சுமார் இரண்டு இரண்டு பங்கு குறைந்தால் விடையில் ஆறு பங்கு போய்விடும். கன அளவு கணக்கில் பிழைகள் கைகோத்துக்கொண்டு வரும். ஆகவேதான் ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்: பெருக்கி முடித்த பிறகு ரவுண்ட் பண்ணு, பெருக்குவதற்கு முன்னால் பண்ணாதே!

சரி, அப்படியென்றால் கால்குலேட்டர் காட்டுகிற 7.362944-ஐ அப்படியே எழுதிவிடலாமா? அதுவும் தவறுதான். நாம் டேப்பில் அளந்தது சென்டிமீட்டர் வரைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் விடையில் சுமார் 58 லிட்டர் வரை மாறும். நிலைமை இப்படி இருக்க, ஆறாவது தசம இடம் வரை எழுதுவது யாரை ஏமாற்ற? 7.36 கனமீட்டர் என்று எழுதுவதே நேர்மை. அளக்காததை அளந்ததாகச் சொல்லக் கூடாது, அளந்ததைத் தூக்கி எறியவும் கூடாது. முழுமையாக்கலின் தர்மம் இவ்வளவுதான்.

பதினாலு, ஏழு, ரெண்டு

தொட்டியை விடுங்கள். வீடு கட்டுகிறவர்களுக்கு எம் சாண்ட், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கில் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரியின் பின்பெட்டியை அளந்து பெருக்கினால் எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். பெட்டிக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சரக்கு நின்ற அளவு இப்படி என்று வைத்துக்கொள்வோம். நீளம் 13 அடி 7 அங்குலம். அகலம் 6 அடி 7 அங்குலம். உயரம் 1 அடி 10 அங்குலம். அளக்கிறவர் சத்தமாகச் சொல்கிறார்: "பதினாலு, ஏழு, ரெண்டு!" பெருக்கினால் 196. "நாலு கன அடியில என்ன இருக்கு, ரெண்டு யூனிட்டுன்னு போட்டுக்குங்க!" கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அவர் பொய் சொல்லவில்லையே! பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த முழு எண் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்தார்?

அங்குலத்தை விடாமல் பெருக்குங்கள். 163.94 கன அடி. அதாவது 1.64 யூனிட். யூனிட்டுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் கொடுக்க வேண்டியது சுமார் 8,200. கொடுத்தது 10,000. ஒரே லோடில் 1,800 ரூபாய் போயே போச்சு! மூன்று பக்கமும் மேலே போனது, கடைசியில் விடையும் மேலே போனது. நாலு முறை ரவுண்ட் பண்ணியதில் நாலு முறையும் நட்டம் ஒரே ஆளுக்கு. கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு.

எந்தப் பக்கம் அதிகம் கெடுத்தது என்று பாருங்கள். 13 அடி 7 அங்குலத்தை 14 ஆக்கியதில் நூற்றுக்கு மூன்று பங்குதான் ஏறியது. 1 அடி 10 அங்குலத்தை 2 ஆக்கியதில் ஒன்பது பங்கு ஏறிவிட்டது. சின்னப் பக்கத்தில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. பெட்டியை அளக்கும்போது எல்லோரும் நீளத்தைப் பிடித்து இழுத்து இழுத்துச் சரிபார்ப்பார்கள், உயரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நாம் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

குழியின் ஆழமும் கூலியும்

2005-இல் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நம் மக்கள் நூறு நாள் வேலை என்றே அறிந்தார்கள். அதில் நடந்த மண் வேலைகளில் வெட்டிய குழியை அளந்து, வேலையின் அளவைப் பார்த்துக் கூலி போட்டார்கள். என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர்தான். "எவ்ளோம்மா அளந்தாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "அது எங்களுக்கு என்னப்பா தெரியும்? எழுதுறவங்க எழுதுறாங்க, போட்டதுதான் கூலி" என்றார். யார் மேலும் குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோல் அளவையும் மேலேயிருந்து வருவதாகவே அவர் நினைத்திருந்தார்.

ஒரு குழியைக் கணக்காகவே போடுவோம். நீளம் 3.04 மீட்டர், அகலம் 1.54, ஆழம் 0.34. பெருக்கினால் 1.59 கனமீட்டர். இதையே 3, 1.5, 0.3 என்று சுருக்கினால் 1.35 கனமீட்டர். வெட்டிய மண்ணில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு காகிதத்தில் காணாமல் போய்விட்டது. வேர்வை சிந்தியது நிஜம். புள்ளிக்குப் பின்னால் இருந்த 4 என்ற எண் மூன்று இடத்தில் அழிந்ததும் நிஜம். இங்கேயும் ஆழம்தான் அதிகம் தின்றது. 0.34-ஐ 0.3 ஆக்கியதில் மட்டும் சுமார் பன்னிரண்டு பங்கு.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. மண் வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200, பகுதி 1. நீளங்களை 0.01 மீட்டர் வரைக்கும், கன அளவை 0.01 கனமீட்டர் வரைக்கும் எடுக்க வேண்டும் என்கிறது அது. சென்டிமீட்டரை விடாதே என்று அர்த்தம். சிவில் பிரிவுத் தோழர்கள் எஸ்டிமேஷன் பாடத்தில் இரண்டு தசமத்தில் எழுதிப் பழகுகிறோமே, அது பேப்பர் திருத்துபவரின் வசதிக்காக இல்லை. குழி வெட்டியவரின் கூலிக்காக!

அஞ்சு வந்தால் மேலேயா?

பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடு, பாதி அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கூட்டு. இதுதான் நமக்குத் தெரிந்த விதி. சரியாகப் பாதியில் நிற்கிற எண் எப்போதும் மேலேயே போகிறதே, அது நியாயமா?

2.5, 3.5, 4.5, 5.5 நான்கையும் கூட்டினால் 16. பள்ளி விதிப்படி ரவுண்ட் பண்ணினால் 3, 4, 5, 6. கூட்டினால் 18. இரண்டு எங்கிருந்து வந்தது?

1960-இல் வெளிவந்த ஐ.எஸ். 2 என்ற இந்தியத் தர விதி இதற்கென்றே எழுதப்பட்டது. சரியாகப் பாதியில் நின்றால் பக்கத்தில் இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போ என்றது அது. அப்படிச் செய்தால் 2, 4, 4, 6. கூட்டினால் 16. பாதி தடவை மேலே, பாதி தடவை கீழே. யாருக்கும் நட்டமில்லை. அதே ஆவணம் இன்னொன்றும் சொன்னது: ரவுண்ட் பண்ணுவதை ஒரே படியில் செய், படிப்படியாகச் செய்யாதே. 2.449-ஐ நேராக முழு எண் ஆக்கினால் 2. முதலில் 2.45, பிறகு 2.5, பிறகு 3 என்று ஏணி வைத்து ஏறினால் ஒன்று கூடிவிடுகிறது.

ஒரே பக்கமாகச் சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு சம்பவம். வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டை 1982 ஜனவரியில் 1000 என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாவது தசமத்துக்கு அப்பால் இருந்ததைக் கம்ப்யூட்டர் வெட்டி எறிந்துகொண்டே வந்தது. ரவுண்ட் கூடப் பண்ணவில்லை, வெட்டு மட்டும்தான். 1983 நவம்பரில் குறியீடு 524 அளவுக்கு இறங்கிக் கிடந்தது. ஒழுங்காகத் திரும்பக் கணக்குப் போட்டபோது வந்த எண் 1098! சந்தை விழவே இல்லை. புள்ளிக்குப் பின்னால் நான்காவது இடம்தான் விழுந்துகொண்டே இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவுத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

மேலேயா, கீழேயா?

இன்னொன்றையும் யோசிப்போம். எந்த விதியும் எல்லா இடத்துக்கும் செல்லாது.

கணக்கில் 6.2 மூட்டை சிமெண்ட் வருகிறது. விதிப்படி 6. ஆறு மூட்டை வாங்கிப் போனால் கான்கிரீட் பாதியில் நிற்கும். வாங்க வேண்டியது 7.

600 கிலோ தாங்கும் லிஃப்ட். ஆளுக்கு 68 கிலோ என்பது லிஃப்ட் கணக்கு. 6 பேர் 408 கிலோ, 8 பேர் 544 கிலோ என்று தகட்டில் பார்த்திருப்பீர்கள். 600-ஐ 68-ஆல் வகுத்தால் 8.82. விதிப்படி 9. ஒன்பது பேர் ஏறினால் 612 கிலோ. எழுத வேண்டியது 8.

38 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம், 19 செ.மீ. உயரமுள்ள அட்டைப்பெட்டியில் 10 செ.மீ. பக்கமுள்ள கன சதுரப் பெட்டிகளை அடுக்க வேண்டும். கன அளவை வகுத்தால் 20.2 வரும். அடுக்கிப் பாருங்கள். நீளவாக்கில் 3, அகலவாக்கில் 2, உயரத்தில் 1. மொத்தமே 6 தான்! இங்கே ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கீழே இறக்கிவிட்டுப் பிறகு பெருக்குவதுதான் சரி. தண்ணீர் பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் போகும். பெட்டிக்குள் பெட்டி போகாது.

ஆக, மேலே போவதா, கீழே போவதா, முன்பே செய்வதா, பிறகு செய்வதா என்பதை எண் நமக்குச் சொல்லாது. பொருள்தான் சொல்லும். முழுமையாக்கல் ஒரு முடிவு. முடிவு எடுக்கிறவன் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

ரவுண்ட் பண்ணினாலும் குறையாத இடம்

சைட்டுக்குப் போய் வந்த அண்ணன்மார் சிரிப்பார்கள். "தம்பி, இவ்ளோ புள்ளி பார்த்துக்கிட்டிருந்தா வேலை நடக்குமா?" நியாயமான கேள்வி. தோராயம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. தரைத்தொட்டிக் கணக்கில் மனசுக்குள் இரண்டரை, இரண்டு, ஒன்றரை என்று பெருக்கினால் ஏழரை. கால்குலேட்டர் 73.6 என்று காட்டினால் புள்ளி தப்பிய இடத்தை உடனே பிடித்துவிடலாம். தோராயம் நல்ல காவல்காரன். அவனையே கணக்கப்பிள்ளை ஆக்கினால்தான் வம்பு.

சில இடங்களில் தோராயமே போதும். ஏ4 தாளின் நான்கு மூலையிலும் சதுரம் வெட்டி, மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். பெரிய பெட்டி வர எவ்வளவு வெட்டுவது? பெருமம், சிறுமம் பாடத்தில் வரும் நம் பழைய நண்பன்! தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. வகையீடு செய்து பூச்சியத்துக்குச் சமன் செய்தால் விடை சுமார் 4.04 செ.மீ. கன அளவு 1128.49 கன செ.மீ. சாதாரண ஸ்கேலில் அதை எப்படி வெட்டுவது? வெட்ட வேண்டாம். வெறும் 4 என்று வெட்டினால் 13 × 21.7 × 4 = 1128.4. வித்தியாசம் இரண்டு சொட்டுத் தண்ணீர்!

ஏன்? உச்சியில் சரிவு பூச்சியம். மலை உச்சியில் இரண்டடி நகர்ந்தாலும் உயரம் அதிகம் குறையாது, சரிவில் இரண்டடி நகர்ந்தால் குறையும். பூச்சியத்துக்குச் சமன் செய்து மார்க் வாங்கிய நமக்கு, "இங்கே தாராளமாக ரவுண்ட் பண்ணலாம்" என்று அந்தப் பூச்சியம் சொல்வது தெரியாமலே போகிறது. எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தானே படிப்பு?

என்ன செய்யலாம்?

"விடையை இரண்டு தசம இடத்துக்குத் திருத்தமாக எழுதுக" என்று கேள்வித்தாளில் கேட்கிறார்கள், எழுதுகிறோம். ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று கேட்டதுண்டா? கணக்குப் பாடத்தில் ஒரு கேள்வியாவது "எத்தனை மூட்டை வாங்குவாய், காரணம் கூறு" என்று வரட்டும். ஆசிரியப் பெருமக்களுக்கு இது என் பணிவான வேண்டுகோள்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். கலைவிழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் நாள் ஒதுக்குகிறோம். ஒரு சனிக்கிழமையை அளவை நாள் என்று வையுங்கள். ஐந்து டேப் போதும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் எல்லோரும் கலந்து குழு குழுவாகப் பிரிந்து வளாகத்துத் தொட்டியை, ஒர்க்ஷாப் பெட்டியை, வாசலில் வந்து நிற்கிற லாரியை அளப்போம். ஒரே பெட்டிக்கு ஐந்து குழுவும் ஐந்து விடை சொல்லும். அந்த ஐந்து விடையும் ஏன் வேறுபட்டன என்று பேசினாலே ஒரு செமஸ்டர் பாடம் விளங்கிவிடும்.

மூன்றாவது வேண்டுகோள் நமக்கு. நாளைக்கு நம்மில் பலர் மெஷர்மென்ட் புக்கில் எழுதப் போகிறோம். அந்தப் புத்தகத்தின் மறுபக்கத்தில் நிற்பவர்களுக்கு, நாம் சொல்கிற எண்ணைச் சரிபார்க்க வழி இல்லை. நாம் 0.34 என்று எழுதினால் 0.34. 0.3 என்று எழுதினால் 0.3. இவ்வளவு அதிகாரத்தைப் பதினெட்டு வயதில் நம் கையில் கொடுக்கிறது இந்த டிப்ளமோ! ஆகவே அளக்கும்போது அளவைச் சத்தமாகச் சொல்வோம். சம்பந்தப்பட்டவரை டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்வோம். எழுதியதைப் படித்துக் காட்டுவோம்.

அதற்கும் முன்பே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நம் வீட்டில் ஒருவருக்கு டேப் பார்க்கச் சொல்லிக்கொடுப்போம். பெரிய கோடு மீட்டர், எண் போட்ட கோடு சென்டிமீட்டர், இடையில் இருக்கிற பத்துக் கட்டம் மில்லிமீட்டர். அரைமணி நேர வேலை. பெருக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "முப்பத்தி நாலுன்னு இருக்குதே, ஏம்ப்பா முப்பதுன்னு எழுதுறே?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண்ணை யாரும் சுலபத்தில் அழித்துவிட முடியாது.